பத்தாயிரம் பாபின் கேஸ்

அந்தத் தெருவில் யாராவது "டாக்டர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வந்தால், காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. தையல் மிஷின் பழுதுபார்க்கிறவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் பேங்க் பாஸ்புக்கில் மட்டும் இருந்தது. எட்டடி அகலக் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மிஷினை மல்லாக்கப் போட்டு, வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எண்ணெய் காட்டி எத்தனை மாசமாச்சு?" என்று சொந்தக்காரரை முறைப்பார். அவர்களும் ஆஸ்பத்திரியில் நிற்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்கள்.

டாக்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்த சாமானை அப்படியே மாட்ட அவருக்குக் கை வராது. அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால்தான் அது சாமான். யாருக்கு இழுத்தோம், எந்தப் பக்கம் இழுத்தோம் என்று கேட்டால் தெரியாது. தும்மியதை யார் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்?

அவர் சம்சாரம் தையல்காரி. கடைக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. முன்னறை ஜன்னலோரம் அவள் மிஷின். பள்ளிக்கூட யூனிபாரம், கம்பெனி யூனிபாரம் என்று வருஷம் முழுக்கக் காக்கியும் நீலமுமாக மடியில் கிடக்கும். கல்யாணமான புதிதில் டாக்டர் நாலைந்து பழைய மிஷின்களைப் பிரித்து, ஒன்றின் உடம்பும் ஒன்றின் உள்ளுறுப்புமாகச் சேர்த்து அவளுக்குக் கட்டிக்கொடுத்த மிஷின் அது. பதினோரு வருஷமாக ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை.

வினை தொடங்கியது மொத்தக்கடையில். தையல் மிஷினில் கீழ்நூல் சுற்றுகிற சின்ன உருளைதான் பாபின். அது உட்கார்ந்திருக்கும் எஃகுக் கூட்டுக்குப் பாபின் கேஸ் என்று பேர். கட்டைவிரல் நுனியளவுதான் இருக்கும். அது சரியில்லை என்றால் மேலே எத்தனை பெரிய மிஷின் இருந்தும் பிரயோஜனமில்லை. டாக்டர் ஐம்பது வாங்கியதில் பதினொன்று சொத்தை. நூல் வாங்க வந்த சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு, பதினொன்றையும் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார்.

மொத்தக்கடைக்காரர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டாக்டர், பொறுக்கிப் பொறுக்கிக் குடுக்க நான் என்ன பூக்கடையா வச்சிருக்கேன்? வந்ததை நான் எடுக்கறேன். நான் குடுக்கறதை நீங்க எடுக்கறீங்க. புடிக்கலைன்னா நீங்களே கப்பல்ல வரவழைச்சுக்குங்க."

கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். டாக்டரும் சேர்ந்து சிரித்தார். அந்த நாலு பேர் சிரித்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, இவர் சிரித்ததுதான் உறுத்தியது. வீடு வரும்வரை பொட்டலம் டாக்டர் சட்டைப்பையில் கிலுகிலுவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் தம்பி சாப்பிட வந்தான். சின்னவன் என்று கூப்பிடுவார்கள். பார்சல் ஆபீஸில் ரசீது எழுதுகிற வேலை. கப்பல், துறைமுகம் என்று பேச ஆரம்பித்தால் மாலுமி தோற்றுப்போவான். சோற்றில் கையை வைத்துக்கொண்டே போனை அண்ணன் பக்கம் திருப்பினான்.

"இந்தா பாருண்ணே. இதுதான் ஃபாக்டரி. பாபின் கேஸைத் தவிர வேற எதுவும் செய்யறதில்ல. மொத்தக்கடைக்காரன் உனக்கு விக்கிற விலையில மூணுல ஒரு பங்கு."

"நமக்கெல்லாம் குடுப்பானா?"

"யாருக்கும் குடுப்பான். இறக்குமதி நம்பர் ஒண்ணு வாங்கணும், அதை நான் பாத்துக்கறேன். பேங்க்ல ஒரு கணக்கு. சரக்கு வந்தா வெளிய எடுத்துக் குடுக்க எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் இருக்கான். ஒரே ஒரு விஷயம். பத்தாயிரத்துக்குக் குறைஞ்சு செய்ய மாட்டாங்களாம்."

தையல்காரி கரண்டியோடு நின்றாள். "பத்தாயிரமா? இந்த ஊர்ல மொத்தம் எத்தனை மிஷின் இருக்கும் தம்பி?"

"இந்த ஊர் மட்டுமா அண்ணி? சுத்துவட்டாரம் பூரா மெக்கானிக் இருக்காங்க. எல்லாரும் அந்தாளுகிட்டதான் வாங்கித் திட்டிக்கிட்டு இருக்காங்க. அண்ணன் பேரைச் சொன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குவாங்க."

"பணம்?"

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் இல்லாதபோதே பேசி முடித்துவிட்டார்கள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துபோயிற்று.

"கடையை பேங்க்ல வைக்கலாம்னு..." என்று டாக்டர் இழுத்தார்.

"கடை போயிடுச்சுன்னா எங்க உக்காருவீங்க?"

"ஏன் போகுது? நல்ல வார்த்தை சொல்லேன்."

"நல்ல வார்த்தைதான் கேக்கறேன். எங்க உக்காருவீங்க?"

டாக்டர் சோற்றைப் பிசைந்தார். பிறகு, தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கு அங்க சிரிச்சேன் பாத்தியா. அதை நினைச்சா சோறு இறங்கல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கும்தான் இறங்கவில்லை.

கடைப் பத்திரம் பேங்குக்குப் போனது. இறக்குமதி நம்பர் கைக்கு வர இரண்டு மாதம் ஆனது. போட்டோ சரியில்லை, கையெழுத்து சரியில்லை, விலாசத்தில் கதவு எண் இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகக் கடைக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து, அதைக் கண்ட காகிதத்திலெல்லாம் குத்திப் பார்த்தார். கறிகாய் மடித்த காகிதத்தில்கூட ஒரு தடவை குத்தியிருந்தது.

ஃபாக்டரியிலிருந்து எழுதுகிற பெண் மரியாதையானவள். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு பூ போடுவாள். அளவு போட்ட வரைபடம் இருந்தால் அனுப்பச் சொன்னாள். சின்னவன் அதைப் படித்துக் காட்டினான்.

"வரைபடமா?" என்று டாக்டர் சிரித்தார். "படத்தைப் பாத்து சாமான் செய்யறவனா அவன்? நல்ல சாமான் ஒண்ணை அனுப்பு. அதைப் பாத்து அப்படியே செய்யட்டும்."

நல்ல சாமானுக்கு டாக்டர் கடை முழுக்கத் தேடினார். புதுசு எதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. எல்லாம் மொத்தக்கடைச் சரக்கு. பதினோரு வருஷமாக ஒரு தடவைகூட நூல் அறுக்காத பாபின் கேஸ் ஒன்று எங்கே இருக்கிறது என்று யோசித்தார். வீட்டுக்கு வந்தார். தையல்காரி குளிக்கப் போயிருந்தாள். மிஷினின் அடித்தகட்டைத் தள்ளி, உள்ளே இருந்ததை உருவிக்கொண்டு, கையோடு கொண்டுவந்த புதுசு ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார். மாதிரி அன்று மத்தியானமே கூரியரில் கிளம்பிவிட்டது.

அன்றிலிருந்து அவள் மிஷின் படுத்தத் தொடங்கியது. பத்துச் சாண் தைப்பதற்குள் நூல் அறுந்தது. அடியில் நூல் பந்தாகச் சுருண்டது. பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. வெயில் ஜன்னல் வழியாக முதுகைப் பொசுக்க, தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

"ஏங்க, என் மிஷினைக் கொஞ்சம் பாருங்களேன். நூலா அறுத்துத் தள்ளுது."

"நூல் மட்டமா இருக்கும்."

"எப்பவும் வாங்கற நூல்தாங்க."

"நாளைக்குப் பாக்கறேன். ஏஜென்டு வரச் சொல்லியிருக்கான்."

நாளைக்கு பேங்க். அதற்கு மறுநாள் இன்ஷூரன்ஸ். ஊரில் உள்ள மிஷினுக்கெல்லாம் டாக்டர், சொந்த வீட்டு மிஷின் சாகக் கிடக்கிறது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். மாதிரிக்காகத் தன் மிஷினிலிருந்து கேஸ் போனது அவளுக்குத் தெரியாது. தெரிந்த மனுஷருக்கு, அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட நேரமில்லை.

ஐந்தாவது வாரம் ஃபாக்டரியிலிருந்து பஞ்சில் பொதிந்து இரண்டு கேஸ் வந்தன. அவற்றைச் சோதித்துப் பார்த்துச் சரி என்று எழுதினால்தான் பத்தாயிரத்தையும் செய்வார்கள். கூடவே ஒரு கேள்வி. மாதிரியில் இருக்கிறபடியே அச்சாக வேண்டுமா, அல்லது வழக்கமான அளவுக்குத் திருத்தட்டுமா?

"அவங்க எதுக்குத் திருத்தறாங்க?" என்றார் டாக்டர். "அதுல தரம் குறைக்கத்தான் இந்தக் கேள்வி. மயிரிழை மாறக் கூடாதுன்னு எழுது."

சின்னவன் எழுதினான். சோதனை மட்டும் பாக்கி. கடையில் அன்று மின்சாரமில்லை. வீட்டில் தையல்காரி காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து, "கொஞ்சம் தள்ளு" என்று உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டினார்.

"மிதி."

அவள் மிதித்தாள். ஊசி துணியில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கால்சட்டையின் நீளம் முழுக்க ஒரே ஓட்டம். நூல் அறவில்லை. சத்தம்கூட மாறிவிட்டது, பழைய நாள் சத்தம். திருப்பி அடித்தையலைப் பார்த்தாள். மணி கோத்த மாதிரி இருந்தது. ஐந்து வாரமாகப் பட்ட பாட்டுக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்படி?" என்றார் டாக்டர். ரிசல்ட் கேட்கிற பையன் மாதிரி நின்றார்.

"இப்பத்தாங்க இதுக்கு உயிரே வந்துச்சு. தாராளமா வாங்குங்க."

கடையை அடகு வைத்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். டாக்டர் தம்பிக்குப் போன் போட்டு, "அண்ணியே சொல்லிட்டா, அனுப்பச் சொல்லு" என்றார்.

சரக்குக் கப்பலேறி, வழியில் ஏதோ துறைமுகத்தில் பன்னிரண்டு நாள் தூங்கி, ஒரு வழியாகக் கரை சேர்ந்தது. சுங்கத்தில் ஒரு ஆபீசர் இது மிஷின் உறுப்பு என்றார், இன்னொருவர் எஃகுச் சாமான் என்றார். வரி ஒன்றுக்கு ஒன்று மாறும். இவர்கள் பேசித் தீர்க்கிறவரை கிடங்கு வாடகை ஏறியது. ஏஜென்ட் தினம் ஒரு காகிதம் கேட்டான். கடைசியில் அடைமழையில் ஒரு தட்டு வண்டியில் பத்து அட்டைப்பெட்டி வந்து வீட்டு வாசலில் இறங்கியது. தார்ப்பாய் போட்டிருந்தும் இரண்டு பெட்டி நனைந்திருந்தது. தையல்காரி யூனிபாரத் துணியாலேயே அவற்றைத் துடைத்தாள்.

"வாஸ்தவமாவே கப்பல்ல வரவழைச்சுட்டீங்க" என்றாள்.

டாக்டர் பெட்டியின் மேல் தன் கடைப் பேர் அச்சடித்திருந்ததைத் தடவிக்கொண்டே நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

முதல் வாரம் எழுநூறு போனது. மெக்கானிக்குகள் தேடி வந்து வாங்கினார்கள். ஒருவர், "இனிமே அந்த மொத்தக்கடை வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சத்தியம்கூடச் செய்தார். இரண்டாவது வாரம் அதே ஆள் வந்தார். சட்டைப்பை கிலுகிலுத்தது.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. இது உள்ள ஆடுது. நூலை அறுக்குது."

"மாட்டறதுல ஏதாவது..."

"எனக்கு மாட்டத் தெரியாதா? இருபது மிஷின்ல போட்டுப் பாத்துட்டேன்."

டாக்டர் கடையிலிருந்த மிஷினில் போட்டார். ஆடியது. அடுத்ததில் போட்டார். அறுத்தது. மத்தியானத்துக்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு, கை நிறையக் கேஸ்களோடு வீட்டுக்கு வந்தார். தைத்துக்கொண்டிருந்தவளை எழுப்பிவிட்டு அவள் மிஷினில் ஒன்றை மாட்டினார். வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்னொன்று. ஓடியது. நனைந்த பெட்டியிலிருந்து ஒன்று எடுத்தார். அதுவும் ஓடியது.

"இங்க மட்டும் ஓடுதே" என்றாள் அவள்.

டாக்டர் அந்தக் கேஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேஸின் தலையில் ஒரு சின்ன விரல் நீட்டிக்கொண்டிருக்கும். கேஸைத் தாங்குகிற உறுப்பான ஷட்டிலின் பள்ளத்தில் அந்த விரல் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் கேஸ் ஆடாது. இந்த விரல் ஒரு பக்கம் மெலிந்து, லேசாகச் சாய்ந்திருந்தது. மெலிந்த இடத்தில் குறுக்கே இரண்டு கோடு. அரம் இழுத்த கோடு. பத்தாயிரத்திலும் அந்த இரண்டு கோட்டையும் பொறுப்பாக அச்சில் போட்டிருந்தார்கள்.

கையிலிருந்த மற்றதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாதிரிக்கு எதை அனுப்பினீங்க?" என்று கேட்டாள் தையல்காரி.

"உன் மிஷின்ல இருந்ததை."

"என் மிஷின்லயா? எப்ப?"

அவர் சொன்னார். நூல் அறுக்கத் தொடங்கிய நாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. வேறொரு மிஷினின் ஷட்டிலை இதில் போட்டு, அது சேரவில்லை என்று, கல்யாணமான மூன்றாவது மாதம் இந்த ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்க விரலை அரத்தால் ராவி ராவி மாட்டிக்கொடுத்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. இந்த ஒரு மிஷினுக்காக, இவளுக்காகச் செய்தது. உலகத்தில் வேறெதற்கும் அது சேராது.

"நீதானே நல்லா இருக்குன்னு சொன்ன?" என்றார் டாக்டர். "தாராளமா வாங்குங்கன்னு சொன்னியே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நூல் அறுக்குது, நூல் அறுக்குதுன்னு அஞ்சு வாரமா சொன்னேன். அது ஒரு தடவைகூட உங்க காதுல விழல. நல்லா இருக்குன்னு ஒரே ஒரு தடவை சொன்னது மட்டும் நல்லா விழுந்துடுச்சு."

சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை. வருத்தப்படாததுதான் பிற்பாடு அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

சின்னவன் ஃபாக்டரிக்குக் காரசாரமாக எழுதினான். பதிலுக்கு இரண்டு படம் வந்தது. ஒன்று மாதிரி, ஒன்று சரக்கு. பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்திருந்தார்கள். இரட்டைப்பிள்ளை மாதிரி இருந்தன. கீழே, மயிரிழை மாறக் கூடாது என்று இவன் எழுதியதையே எடுத்துப் போட்டு, கடைசியில் வழக்கம்போல ஒரு பூ.

டாக்டர் லேசில் விடவில்லை. விரலை நிமிர்த்திப் பார்த்தார், முறிந்தது. ஈயம் பற்றவைத்துத் தடிமனாக்கிப் பார்த்தார், நாலு நாள் தாங்கி உதிர்ந்தது. ராவித் தள்ளிய எஃகைத் திரும்ப ஒட்டுகிற அரம் ஒன்று எந்த ஊரிலும் செய்வதில்லை. வாங்கியவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டு பேங்க் கடையை எடுத்துக்கொண்டது. கடைசி நாள் முக்காலியையும் அரத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ரப்பர் ஸ்டாம்பை எடுக்கவில்லை.

மூன்றாவது மாதம் மொத்தக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். போகிறபோது டாக்டர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார்.

"என்ன சொன்னாரு?" என்று திரும்பி வந்தவரிடம் கேட்டாள்.

"மேஜையில நின்னு சாமான் எடுத்துக் குடுக்கணுமாம். மாசச் சம்பளம்."

"கப்பலைப் பத்தி ஏதாவது பேசினாரா?"

"பேசல." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "பேசியிருந்தாக்கூடத் தேவல" என்றார்.

பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை வந்து பெட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் கொடுக்கவில்லை. ஒன்பது பெட்டியும் சொச்சமும் முன்னறைச் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. தையல்காரி அதன்மேல் கம்பளியை விரித்து இஸ்திரி போடுகிற மேஜையாக்கிக்கொண்டாள். அவள் மிஷின் மட்டும் அந்தச் சரக்கைத் தின்று சுகமாக ஓடியது. நீ சாகிறவரைக்கும், உன் பேத்தி சாகிறவரைக்கும் கேஸுக்குக் கவலையில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது இவளும் சிரித்தாள். அன்றைக்கு மொத்தக்கடையில் அவர் எப்படிச் சிரித்தார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு நாள் காலையில் தடிமனான கம்பெனித் துணி தைக்கும்போது மிஷினுக்குள் டக்கென்று ஒரு சத்தம். சக்கரம் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஷட்டில் இரண்டாகப் பிளந்திருந்தது. சாயங்காலத்துக்குள் நாற்பது சட்டை கொடுத்தாக வேண்டும். இரண்டு துண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மொத்தக்கடைக்குப் போனாள்.

கடையில் கூட்டம். முதலாளி உள்ளே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைக்குப் பின்னால் டாக்டர் நின்றிருந்தார். அவள் முடிச்சை அவிழ்த்து வைத்தாள். அவர் துண்டுகளைக் கையிலெடுத்து, சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"இந்த ரகம் இப்ப எங்கயும் வர்றதில்ல" என்றார்.

"பழசுல தேடினா கிடைக்காதா?"

"அந்தக் கம்பெனியே இல்ல. உன் மிஷினுக்கு அதோட சொந்த ஷட்டிலே இருக்குது, புதுசு. அது போட்டா நல்லா ஓடும்."

"அப்ப அதையே குடுங்க."

அவர் பின்பக்க அலமாரியில் ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். கையை எடுக்கவில்லை. அவளைப் பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஷட்டில் மாறினால் வீட்டிலிருக்கிற கேஸ் இனி அதற்கும் சேராது.

பின்னாலிருந்த ஆள், "சீக்கிரம்மா" என்றார்.

"கேஸும் ஒண்ணு குடுங்க" என்றாள் தையல்காரி.

டாக்டர் குனிந்து, மேஜைக்கடியில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு பாபின் கேஸை எடுத்தார். வழக்கப்படி அவர் கை சட்டைப்பையில் அரத்தைத் தேடிப் போனது. பாதியிலேயே நின்றது. அப்படியே எடுத்து ஷட்டிலோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி, பில் போட்டார். அவள் பணத்தை எண்ணி வைத்தாள். மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது, "சொத்தையா இருந்தா ரெண்டு நாளைக்குள்ள கொண்டு வாங்க" என்றார், எல்லோரிடமும் சொல்கிற மாதிரி.